பாட்டிலை வீசிய கை

உடைந்த பீர் பாட்டிலின் அடிப்பாகம் புல்லில் விழுந்தால் பெரும்பாலும் நிமிர்ந்தே கிடக்கும். கனமான வட்டம் கீழே, கூர்முனைகள் மேலே. அதன் மீது சில டன் எடையுள்ள ஒரு விலங்கு காலை வைத்தால் என்ன ஆகும்? யானையின் கால் பார்வைக்குத்தான் தூண். அதன் அடிப்பாதம் மெத்தை போன்றது. கண்ணாடி உள்ளே இறங்குகிறது. அடுத்த அடியில் இன்னும் ஆழமாக இறங்குகிறது. நாளொன்றுக்கு 150 கிலோவுக்கு மேல் தீனி தேடி நடக்கவேண்டிய யானை, நடக்க முடியாமல் மரத்தில் சாய்ந்து நிற்கிறது. காயம் சீழ் பிடிக்கிறது, புழு வைக்கிறது. காட்டின் மிகப் பெரிய உயிர் கடைசியில் பட்டினியால் சாகிறது.

பாட்டிலை வீசியவர் அதற்குள் ஊர் திரும்பி, திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார். ஊரில் அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வழியில் கடைக்காரரிடம் பேரம் பேசி, குழந்தைக்கு ஒரு யானை பொம்மைகூட வாங்கிப் போயிருக்கலாம்.

ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ கதை 2011இல் வெளிவந்தபோது பல வாசகர்களின் தூக்கத்தைக் கெடுத்தது இந்தக் காட்சிதான். ஆனைமலைக் காட்டில் உள்ள டாப்சிலிப் கதையின் களம். அங்கிருந்து சற்று தூரம் போனால் கேரளம், பாலக்காடு மாவட்டத்தின் பறம்பிக்குளம். கேரளத்துக்குள் இருக்கும் அந்தக் காட்டுக்குத் தமிழ்நாட்டின் வழியாகத்தான் சாலை. மலையின் மறுகோடியில் இடுக்கி மாவட்டத்தின் சின்னாறு, மறையூர், மூணாறு. யானைகளுக்கு இந்த எல்லைகள் தெரியாது. தீமைக்கும் அப்படித்தான் போலிருக்கிறது. இந்த மலையையும் அதன் அடிவாரத்தையும் பற்றி இரண்டு மொழிகளில் எழுதப்பட்டவற்றைச் சேர்த்துப் படித்தால் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: மனிதன் ஏன் தீமை செய்கிறான்? செய்தபின் எப்படி நிம்மதியாகத் தூங்குகிறான்?

‘யானை டாக்டர்’ ஓர் உண்மை மனிதரை வைத்து எழுதப்பட்ட புனைகதை. டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி தமிழக வனத்துறையில் கால்நடை மருத்துவராகப் பணியாற்றி 2002இல் மறைந்தவர். காட்டில் இறந்த யானைகளைப் பிரேதப் பரிசோதனை செய்து சாவின் காரணத்தைப் பதிவு செய்யவேண்டும் என்று விடாமல் வாதாடியவர். கதையில் வரும் இளம் வன அதிகாரி, அழுகிய யானையின் உடலில் நெளியும் புழுக்களைக் கண்டு அருவருத்து ஓடுகிறான். டாக்டரோ அந்தப் புழுவையும் ஓர் உயிராகப் பார்க்கக் கற்றவர். கதையில் அறம் தொடங்கும் இடம் இதுதான். முகத்தைத் திருப்பிக்கொள்பவனுக்கு யானை எப்படிச் செத்தது என்பது தெரியப்போவதில்லை.

கதையில் வில்லன் இல்லை என்பது கவனிக்கவேண்டிய விஷயம். பழைய காவியங்களில் தீமைக்கு முகவரி உண்டு. அதற்குப் பத்துத் தலை இருக்கும், இல்லாவிட்டால் நூறு தம்பிமார்களில் மூத்தவனாக இருக்கும். போரின் முடிவில் அது விழும். இங்கே பாட்டிலை வீசியவனுக்குப் பெயர்கூட இல்லை. அவனுக்கு யானையின் மேல் பகை இல்லை, ஆசை இல்லை, பழிவாங்கும் எண்ணமும் இல்லை. தன் கையிலிருந்து போன பொருள் எங்கே விழும் என்று ஒரு விநாடி யோசிக்கவில்லை, அவ்வளவுதான். 1961இல் ஜெருசலேம் நீதிமன்றத்தில் நாஜி அதிகாரி ஐக்மனைப் பார்த்த தத்துவவாதி ஹன்னா அரெண்ட் திகைத்ததும் இதே காரணத்தால்தான். லட்சக்கணக்கான யூதர்களைச் சாவு முகாம்களுக்கு ரயிலேற்ற ஏற்பாடு செய்தவன், கோப்புகளைப் பற்றிப் பேசும் ஒரு குமாஸ்தாவைப் போலக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தான். ஐக்மனின் குற்றத்தையும் ஒரு குடிகாரரின் அலட்சியத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் இரண்டிலும் ஒரு பொது அம்சம் உண்டு. செய்யும் கைக்கும் படும் காயத்துக்கும் நடுவே போதுமான தூரம் இருக்கிறது.

அந்தத் தூரத்தைப் பல மைல்களாக நீட்டி, அதற்கு ஒரு பேரேடும் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு டாப்சிலிப்பிலிருந்து மலை ஏறி வால்பாறைக்குப் போகவேண்டும். அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் பல ஆண்டுகள் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல், 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் ‘ரெட் டீ’. இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். பாலாவின் ‘பரதேசி’ படத்துக்கு (2013) உந்துதலாக இருந்ததும் இந்த நாவல்தான். திருநெல்வேலிச் சீமையின் பஞ்சக் கிராமம் ஒன்றிலிருந்து கருப்பனும் வள்ளியும் புறப்படுகிறார்கள். தோட்டத்து மேஸ்திரி முன்பணம் கொடுத்து, பொன்விளையும் மலை என்று சொல்லி அழைத்துப் போகிறான். மலையில் அவர்களுக்குக் கிடைப்பது குளிர், அட்டை, மலேரியா, அடி, ஒழுகும் லயன் வீடு. ஆண்டு முடிந்து கணக்குப் பார்த்தால் அரிசிக்கும் கம்பளிக்கும் பிடித்தது போகக் கடன் அப்படியே நிற்கிறது. கடன் இருக்கும்வரை மலையை விட்டு இறங்க முடியாது.

இதில் தீயவன் யார்? மேஸ்திரி என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் அவனும் அதே சீமையிலிருந்து வந்தவன். அவனுக்குக் கிடைக்கும் கமிஷன், அவன் கொண்டுவந்த ஆட்கள் எத்தனை நாள் வேலைக்கு இறங்கினார்கள் என்பதைப் பொறுத்தது. காய்ச்சலில் கிடப்பவனை உதைத்து எழுப்பினால்தான் அவன் வரும்படி குறையாது. துரைக்கு ஏக்கருக்கு இத்தனை பவுண்டு கொழுந்து என்ற கணக்கு. கடல் தாண்டி இருந்த பங்குதாரருக்கு ஆண்டு முடிவில் வரும் லாபத்தொகை ஒன்றுதான் தெரியும். வள்ளியின் பெயர் அவருக்குத் தெரியாது. சட்டமும் பேரேட்டின் பக்கமே நின்றது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டு ஓடினால் சிறையில் தள்ள வழிசெய்த 1859ஆம் ஆண்டுச் சட்டம் 1920களின் நடுவில்தான் நீங்கியது. அதுவரை, வேலையை விட்டு ஓடுவதே குற்றமாக இருந்தது.

டேனியலின் நாவலில் பெரிய தத்துவ விசாரம் எதுவும் இல்லை. நோயாளியின் வரலாற்றைக் குறித்துக்கொள்ளும் மருத்துவரின் நிதானத்தோடு அவர் எழுதுகிறார். அதனாலேயே அது கனக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவரும் தன் வேலையைத்தான் செய்கிறார். எல்லாருடைய வேலையையும் கூட்டினால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே புதைகுழிகள் வருகின்றன.

தீமை தூரத்தில்தான் வளர்கிறது என்றால், தூரமே இல்லாத இடத்தில் நடக்கும் கொடுமைக்கு என்ன விளக்கம்? 2018 பிப்ரவரி 22 அன்று பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியில் நடந்தது இந்த வாதத்தை மறித்து நிற்கிறது. கடைகளில் அரிசியும் மளிகையும் திருடினார் என்று சொல்லி ஓர் ஆதிவாசி இளைஞரைக் காட்டிலிருந்து பிடித்து வந்தார்கள். கைகளைக் கட்டினார்கள், அடித்தார்கள். போலீஸ் வாகனத்தில் கொண்டுபோகும் வழியில் அவர் இறந்தார். இடையில் ஒருவர் கட்டுண்டு நின்ற அந்த மனிதரோடு தன் முகமும் தெரியும்படி செல்ஃபி எடுத்துக்கொண்டார். அங்கே கைக்கும் காயத்துக்கும் இடையே ஒரு சாண் தூரம்கூட இல்லை.

அல்லது இருந்ததா? ‘கள்ளன்’ என்ற ஒரு சொல் அந்த இளைஞரை அடித்தவர்களிடமிருந்து வெகு தொலைவுக்குக் கொண்டுபோய்விட்டது. அதன்பின் அவர் பசித்த மனிதர் அல்ல, அண்டை ஊர்க்காரரும் அல்ல. மொபைல் போனின் திரை மிச்சமிருந்த தூரத்தையும் கூட்டியது. கண்ணெதிரே நிற்கும் ஆள், திரையில் வெறும் படம். மைல்கணக்கில் நிலம் தேவையில்லை. ஒரு பெயர் போதும், கையில் ஒரு கருவி போதும்.

வழக்கு ஐந்து ஆண்டுகள் நடந்தது. சாட்சிகள் பலர் கூண்டில் ஏறிப் பிறழ்ந்தார்கள். 2023 ஏப்ரலில் மன்னார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 16 பேரில் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்மானித்து, அவர்களில் 13 பேருக்கு ஏழாண்டு கடுங்காவல் விதித்தது. அடித்தவர்களைப் பற்றி நாடே பேசியது. பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்று சொன்னவர்களைப் பற்றி அதிகம் பேச்சில்லை. ஒரு நாவலாசிரியர் இதை எழுதினால் தொடங்கவேண்டிய இடம் அந்தச் சாட்சிக் கூண்டாகத்தான் இருக்கும்.

தன் செயலை விட்டுத் தானே தூரம் போக முயன்று தோற்ற ஒருவனின் கதையும் இதே மாவட்டத்தில்தான் பிறந்தது. பாலக்காட்டுக்காரரான ஓ.வி. விஜயனின் ‘கசாக்கின் இதிகாசம்’ 1969இல் நூலாக வந்தது. பல ஆண்டுகள் கழித்து யூமா வாசுகியின் தமிழாக்கத்துக்கு சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு (2017) கிடைத்தது. பனைகளும் காற்றும் நிறைந்த தஸ்ராக் என்ற கிராமம்தான் நாவலில் கசாக் ஆனது. ஓராசிரியர் பள்ளி நடத்த அங்கே வந்து சேரும் ரவி, உண்மையில் ஓடி வந்தவன். தந்தையின் இரண்டாம் மனைவியோடு செய்த தவறு அவன் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. போலீஸ் அவனைத் தேடவில்லை, ஊர் அவனைக் குற்றம் சாட்டவில்லை. கசாக்கின் பிள்ளைகள் அவனை நேசிக்கிறார்கள். ஆனாலும் அவன் தப்ப முடியவில்லை. கடைசியில் மழையில் பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்கும்போது பாம்பு தீண்டுவதை அவன் தடுப்பதில்லை.

தோட்டத்துப் பங்குதாரருக்கும் பாட்டில் வீசியவருக்கும் கிடைத்த அந்த வசதியான தூரம் ரவிக்குக் கிடைக்கவில்லை. விஜயன் அவனை மன்னிப்பதுமில்லை, தண்டிப்பதுமில்லை. தீமை வேறு யாரிடமோ இருக்கிறது என்ற நிம்மதியை மட்டும் வாசகரிடமிருந்து பறித்துக்கொள்கிறார். வள்ளுவர் இதைப் பற்றி ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அதற்கு அவர் வைத்த தலைப்பு ‘தீவினையச்சம்’. தீயவர்களைக் கண்டு அஞ்சுவதைவிட, தன் கை தீமை செய்துவிடுமோ என்று அஞ்சுவதே அதன் பொருள். தமிழ் மரபில் இந்தக் கேள்வி முதலில் கேட்கப்பட்டதே தன்னிடம்தான்.

அந்த அச்சம் இல்லாத இடத்தில் நல்லெண்ணம்கூட எப்படித் திரும்பும் என்பதற்கு 2020ஆம் ஆண்டின் இன்னொரு யானை சாட்சி. சைலன்ட் வேலியின் ஓரத்தில், அதே மன்னார்க்காடு வட்டாரத்தில், கருவுற்றிருந்த பெண் யானை ஒன்று வாயில் வெடிகாயத்துடன் வெள்ளியாற்றில் இறங்கி நின்றது. பயிரை மேயும் காட்டுப் பன்றிகளுக்காகத் தின்பண்டத்துக்குள் வெடிமருந்தை வைத்துப் போடும் வழக்கம் அந்தப் பக்கம் உண்டு. கோவைப் பக்கத்தில் அவுட்டுக்காய் என்பார்கள். யானை அதைக் கடித்திருக்கிறது. தாடை சிதைந்து, நாள்கணக்கில் தின்ன முடியாமல், வலி தாளாமல் தண்ணீரில் நின்றே மே 27 அன்று இறந்தது. வெடிவைத்தவர் குறிவைத்தது பன்றியை. மீண்டும் அதே தூரம்.

அதற்குப் பின் நடந்ததுதான் விசித்திரம். அந்தப் படத்தைப் பார்த்து நாடே கண்ணீர் விட்டது. யானைக்கு யாரோ வேண்டுமென்றே அன்னாசிப் பழத்தில் வெடி வைத்துக் கொடுத்தார்கள் என்று செய்தி பரவியது. விசாரணையில் அது தேங்காய் என்று தெரிந்தது. சம்பவம் நடந்தது பாலக்காட்டில். ஆனால் பக்கத்து மலப்புறம் மாவட்டத்தின் பெயர் நாடெங்கும் ஒலித்தது. முஸ்லிம்கள் அதிகம் வாழும் மாவட்டம் என்பதால் ஒரு யானையின் மரணம் ஒரு மதத்தின் மீது வசையாக மாறியது. டில்லியிலும் மும்பையிலும் உட்கார்ந்து அதைப் பகிர்ந்தவர்கள் தங்களை இரக்கமுள்ளவர்கள் என்றே நம்பினார்கள். தாங்கள் எறிவதும் ஒரு பாட்டில்தான், அது யார் காலில் குத்தும் என்று பார்க்க அவர்கள் காத்திருக்கவில்லை.

இங்கே நியாயமான ஓர் எதிர்வாதம் எழும். தீமை எல்லாரிடமும் இருக்கிறது, அதை அமைப்பும் தூரமும் உருவாக்குகின்றன என்று இலக்கியம் சொல்லிக்கொண்டே போனால் குற்றவாளி தப்பிவிடமாட்டானா? எல்லாரும் பொறுப்பு என்றால் யாருமே பொறுப்பில்லை என்று ஆகாதா? ஆகும், புரிந்துகொள்வதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டால். டேனியல் மேஸ்திரியின் நிலைமையைப் புரியவைக்கிறார். ஆனால் அவன் கையிலுள்ள தடியை மறைக்கவில்லை. அட்டப்பாடியில் கூட்டம்தான் அடித்தது என்றாலும் நீதிமன்றம் கூட்டத்தைத் தண்டிக்கவில்லை, ஆள் ஆளாகப் பெயர் சொல்லித் தண்டித்தது. தீமை எப்படி நடக்கிறது என்பதைக் காட்டுவது எழுத்தாளரின் வேலை. யார் செய்தார் என்று தீர்மானிப்பது நீதிபதியின் வேலை. ஒன்று மற்றொன்றுக்கு மாற்று ஆகாது.

மலையில் சில சமயம் மூன்றாவது வேலையும் நடந்திருக்கிறது. கைக்கும் காயத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை யாரோ ஒருவர் வந்து குறைக்கிறார். 2015 செப்டம்பரில் மூணாறில் அது நடந்தது. இடுக்கியின் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், கருப்பன் வள்ளிகளின் அடுத்தடுத்த தலைமுறைகளைப் போன்றவர்கள், ஆயிரக்கணக்கில் நகரத்துக்குள் வந்து சாலையில் உட்கார்ந்தார்கள். அப்போது நாள் கூலி 232 ரூபாய். போனஸ் 10 சதமாகக் குறைந்திருந்தது. தொழிற்சங்கத் தலைவர்களையே அவர்கள் கிட்டே சேர்க்கவில்லை. ‘பெண்கள் ஒற்றுமை’ என்ற பொருளில் ‘பெம்பிளை ஒருமை’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாள் கழித்து 20 சதம் பெற்று எழுந்தார்கள். பேரேட்டில் எண்களாக இருந்தவர்கள் பேரேடு எழுதுபவர்களின் வாசலுக்கு வந்துவிட்டால் பழைய கணக்கு செல்லாது.

பாட்டில் விஷயத்தில் தூரம் குறைந்த விதம் இன்னும் எளிமையானது. மலைக் காடுகளில் குவியும் கண்ணாடி விலங்குகளைக் கொல்வதைச் சென்னை உயர் நீதிமன்றம் கேள்வி கேட்டது. அதன் உத்தரவுப்படி 2022 மே மாதம் நீலகிரியில் ஒரு திட்டம் வந்தது. டாஸ்மாக் கடையில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள், காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். பின்னர் அது வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது. குடிப்பவரின் மனசாட்சியில் எந்தப் புரட்சியும் நடக்கவில்லை. வீசிய கை, பத்து ரூபாய்க்காக, வீசாமல் நின்றது.

அப்படியானால் கதை எதற்கு, பத்து ரூபாய் போதுமே என்று கேட்கலாம். ஆனால் புல்லில் கிடக்கும் கண்ணாடியைக் குப்பை என்று பார்க்கும்வரை யாரும் அதற்கு விலை வைக்கமாட்டார்கள். அதை ஒரு யானையின் மரணமாகப் பார்க்க யாராவது முதலில் கற்றிருக்கவேண்டும், மற்றவர்களுக்கும் கற்றுத் தந்திருக்கவேண்டும். அந்தப் பாடத்தைப் பிணங்களை அறுத்து ஒரு மருத்துவர் படித்தார். ஒரு எழுத்தாளர் அதை அந்தக் காட்டுக்கு ஒருநாளும் போகாதவர்களின் கண்ணுக்கும் கொண்டுவந்தார்.

‘யானை டாக்டர்’ கதையில் அந்த இளம் அதிகாரி தன் டாக்டருக்கு பத்ம விருது வாங்கித் தர ஓடியாடி முயல்கிறான். டில்லி பட்டியல் வருகிறது, டாக்டர் பெயர் அதில் இல்லை. அந்த இரவில் ஒரு குட்டி யானை நெடுந்தூரம் நடந்து அவர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. காலில் கண்ணாடித் துண்டு. டாக்டர் விருதைப் பற்றிப் பேசுவதில்லை. குனிந்து அந்தக் காலைப் பார்க்கிறார்.